யூதரும் கிறிஸ்தவரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

யூத–கிறிஸ்தவ உறவு பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள் என்றுதான் மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். இப்போது அப்படிச் சொல்லக் கூடாது என்கிறார்கள். திருச்சபை எப்போது மாற்றிக்கொண்டது?

1965 அக்டோபர் 28. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கை அன்றுதான் வெளியானது. ஆதரவு 2,221 வாக்குகள், எதிர்ப்பு 88. அதன் 4ஆம் பகுதி மூன்று விஷயங்களைச் சொல்கிறது. இயேசுவின் பாடுகளில் நடந்தவற்றுக்கான பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர்கள்மீதும் வேறுபாடின்றிச் சுமத்த முடியாது. இன்றைய யூதர்கள்மீதும் சுமத்த முடியாது. கடவுளால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று விவிலியத்தைக் காட்டி அவர்களைப் பேசவும் கூடாது.

‘யூதர்களே கொலையாளிகள்’ என்பது எந்தப் பொதுச்சங்கமும் வரையறுத்த கோட்பாடு அல்ல. 1566இல் வந்த உரோமை மறைக்கல்வி ஏடே, சிலுவைச் சாவுக்குப் பாவிகள் அனைவரும் காரணம் என்றும், தெரிந்தே பாவம் செய்யும் கிறிஸ்தவரின் குற்றம் யூதருடையதைவிடப் பெரிது என்றும் எழுதியிருந்தது. ஆனால் ஏட்டில் இருந்தது மேடையில் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் சார்தை நகர ஆயர் மெலித்தோவின் பாஸ்கா உரையிலேயே அந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. அது மறையுரைகளிலும் நாடகங்களிலும் ஓவியங்களிலும் ஊறி நிலைத்துவிட்டது. நீங்கள் படித்தது அந்த ஊறலைத்தான்.

மாற்றம் சங்க மண்டபத்தில் திடீரென்று பிறக்கவில்லை. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக் ஒரு யூதர். மனைவியையும் மகளையும் நாசிகளிடம் பறிகொடுத்தவர். இந்த வெறுப்புக்குக் கிறிஸ்தவப் போதனை எவ்வளவு தீனி போட்டது என்று அவர் ஆராய்ந்தார். 1947இல் சுவிட்சர்லாந்தின் செலிஸ்பெர்கில் யூதரும் கிறிஸ்தவரும் கூடி, போதிப்பவர்களுக்காக 10 அம்சங்களை வகுத்தபோது அவருடைய ஆய்வுதான் அடித்தளம். 1960 ஜூன் 13 அன்று அவர் திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்தார். பிறகு வரைவுப் பணி கர்தினால் அகுஸ்தீன் பேயாவின் கைக்கு வந்தது. யூதர்களைப் பற்றி மட்டும் என்று தொடங்கிய வரைவு, அரபு நாடுகளின் எதிர்ப்பு உட்படப் பல இடர்பாடுகளைத் தாண்டி, மற்றச் சமயங்களைப் பற்றியும் பேசும் அறிக்கையாக வெளிவந்தது.

புனித வெள்ளி மன்றாட்டைப் பார்த்தால் மாற்றம் கண்கூடு. பழைய மன்றாட்டு யூதர்களை ‘நம்பிக்கையற்ற’ என்ற இழிசொல்லோடு குறிப்பிட்டது; மற்ற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்டவர்கள் இதற்கு மட்டும் முழந்தாளிடவில்லை. 1955இல் முழந்தாளிடுதல் திரும்பியது. 1959இல் அந்தச் சொல் போனது. 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூல், கடவுளின் வார்த்தையை முதலில் கேட்டவர்கள் அவருடைய அன்பிலும் உடன்படிக்கைக்கு உண்மையாயிருப்பதிலும் வளரவேண்டும் என்று மன்றாடுகிறது.

கேள்வி: அப்படியானால் மத்தேயு 27:25 வாசிக்கப்படும்போது குருவானவர் என்ன செய்ய வேண்டும்? வரியையே விட்டுவிடலாமா?

விட வேண்டாம். ‘இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும்’ என்று கூட்டம் கத்தும் அந்த வரிதான் நூற்றாண்டுக் கணக்கில் ஆயுதமாகப் பயன்பட்டது. விளக்காமல் விட்டால் கேட்பவர் பழைய விளக்கத்தையே நினைத்துக்கொள்வார். வெட்டிவிட்டால் வீட்டில் விவிலியத்தைத் திறக்கும்போது அது காத்திருக்கும்.

மூன்று நிமிடம் ஒதுக்கினால் போதும். சிலுவை உரோமையரின் தண்டனை. தீர்ப்புக் கொடுத்தவன் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட உரோமை ஆளுநர் பிலாத்து. தலைமைக் குரு கயபா அந்த ஆட்சியின் தயவில் பதவியில் இருந்தவர். ஆளுநர் மாளிகை முன் நின்றது ஒரு கூட்டம். அன்றைய யூதர்களில் பெரும்பாலோர் பாலஸ்தீனத்துக்கு வெளியே அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, உரோமை போன்ற நகரங்களில் வாழ்ந்தார்கள், அவர்களுக்குச் செய்தியே போயிருக்காது. இயேசு, மரியா, சீடர்கள் எல்லாரும் யூதர்கள். நற்செய்தி எழுதப்பட்ட காலத்தில் இயேசுவை ஏற்ற யூதர்களுக்கும் ஏற்காத யூதர்களுக்கும் சச்சரவு சூடாக இருந்தது; குடும்பச் சண்டையின் குரல் அதில் கேட்கிறது. சண்டையிட்ட இருதரப்பும் யூதர்களாக இருந்தவரை அது உள்வீட்டுப் பேச்சு. பிற இனத்தார் கையில் அதிகாரத்தோடு அதே பேச்சு சேர்ந்தபோதுதான் ஆபத்தானது.

இதை வாசகத்துக்கு முன் சொல்லுங்கள். பலரும் பின்னால் சொல்லித் தவறவிடுகிறார்கள். அதற்குள் கேட்டவர் மனதில் படம் விழுந்துவிட்டது. பாடுகளின் நாடகம் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். யூதர் கூட்டத்துக்கு மட்டும் கறுப்பு உடை, வளைந்த மூக்கு, பணப்பை என்று வேடம் கட்டுவதை முதலில் நிறுத்துங்கள். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து ஒபரம்மர்கௌவில் 1634இலிருந்து நடந்துவரும் நாடகமே தன் வசனங்களையும் உடைகளையும் திருத்தித்தான் அண்மை மேடையேற்றங்களைச் செய்தது.

கேள்வி: ‘பரிசேயன்’ என்று ஒருவரைத் திட்டுவது தவறா?

தவறுதான். பரிசேயர்கள் இயேசு காலத்து யூதச் சமயப் பிரிவினர்; அவர்கள் தொடங்கிவைத்த மரபிலிருந்துதான் ரபிகள் என்ற மத ஆசிரியர்கள் வழிநடத்தும் இன்றைய யூத மதம் வளர்ந்தது. ஏரோது கொல்லப் பார்க்கிறான் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர்களே (லூக்கா 13:31). திருத்தூதர்களை விட்டுவிடுங்கள் என்று தலைமைச் சங்கத்தில் வாதாடிய கமாலியேல் பரிசேயர் (திருத்தூதர் பணிகள் 5:34). வெளிவேடக்காரரைத் திட்ட வேண்டுமென்றால் ‘வெளிவேடக்காரர்’ என்றே திட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய ஏற்பாடும் யூதர்களின் வேதமும் ஒன்றுதானே? இருவரும் சேர்ந்து படிக்க நினைக்கிறோம். ஆனால் அதிகாரம், வசன எண் எதுவும் ஒத்துப்போகவில்லை.

உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்று. எண்ணிக்கை, வரிசை, வசன எண் மூன்றும் வேறு. சேர்ந்து வாசிக்கும் குழுக்கள் முதல் கூட்டத்திலேயே இதில்தான் இடறுகின்றன. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

யூதர்களின் வேதமான ‘தனக்’ 24 நூல்கள் கொண்டது: தோரா (மோசேயின் சட்ட நூல்கள்) 5, இறைவாக்கினர் 8, எழுத்துகள் 11. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் 39 நூல்களும் இதுவேதான். சாமுவேல், அரசர்கள், குறிப்பேடு ஆகியவற்றை இரண்டிரண்டாகவும், எஸ்ரா–நெகேமியாவை இரண்டாகவும், சிறு இறைவாக்கினர் பன்னிருவரைப் பன்னிரண்டாகவும் எண்ணினால் 24, 39 ஆகிவிடும். கத்தோலிக்கருக்கு 46, தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டு, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு ஆகிய ஏழும் கூடுதல். ஒரு வேடிக்கை பாருங்கள்: யூதர்கள் கொண்டாடும் அனுக்காவின் பின்னணி வரலாறு மக்கபேயர் நூல்களில் இருக்கிறது; அவை யூத வேதத்தில் இல்லை, அவற்றைக் காத்துவைத்தவர்கள் கிறிஸ்தவர்கள். அந்த விழாவில் இயேசு கோவிலில் நடந்துகொண்டிருந்தார் என்று யோவான் 10:22 குறிப்பிடுகிறது.

வரிசைதான் முக்கியமான வேறுபாடு. கிறிஸ்தவப் பதிப்பு மலாக்கியில், எலியா வருவார் என்ற வாக்குறுதியோடு முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் திருமுழுக்கு யோவானின் காலம். யூதப் பதிப்பு குறிப்பேட்டில், பாரசீக மன்னன் சைரசு ‘எருசலேமுக்குப் புறப்பட்டுப் போகட்டும்’ என்று சொல்வதோடு முடிகிறது. தானியேல் நமக்கு இறைவாக்கினர், அவர்களுக்கு எழுத்துகளில் ஒன்று. நூல்கள் அடுக்கப்பட்ட விதமே வாசிப்பை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

வசன எண்களுக்கு ஒரு அட்டை தயாரித்துக்கொள்ளுங்கள். யோவேல் கிறிஸ்தவப் பதிப்புகள் பலவற்றில் 3 அதிகாரம், எபிரேயத்தில் 4. பெந்தெகோஸ்தே நாளில் பேதுரு எடுத்துச் சொன்ன பகுதி நமக்கு 2:28இல் தொடங்கினால் அவர்களுக்கு 3:1. மலாக்கி நமக்கு 4 அதிகாரம், அவர்களுக்கு 3. திருப்பாடல்களில் தலைப்பை எபிரேயப் பதிப்பு வசனமாக எண்ணும். அதனால் 51ஆம் பாடல் நமக்கு 19 வசனம், அவர்களுக்கு 21. பழைய இலத்தீன் எண் முறையில் 9ஐயும் 10ஐயும் ஒன்றாக்கியதால் ‘ஆண்டவர் என் ஆயர்’ 22ஆம் பாடலாகிவிடும். பத்துக் கட்டளைகளிலும் சிக்கல் உண்டு: யூதருக்கு முதலாவது ‘நானே உன் கடவுளாகிய ஆண்டவர்’ என்ற அறிவிப்பு. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் சிலை வழிபாட்டுத் தடையை முதல் கட்டளையோடு சேர்த்து, பேராசையை 9, 10 என்று பிரிப்பார்கள். மற்றச் சீர்திருத்த சபைகளும் கிழக்குச் சபைகளும் சிலைத் தடையை 2ஆவதாக வைப்பார்கள். ஆகவே ‘ஆறாவது கட்டளை’ என்று எண்ணால் பேசாதீர்கள். ‘கொலை செய்யாதே’ என்று சொல்லிவிடுங்கள்.

எதில் தொடங்குவது? துன்புறும் ஊழியனைப் பற்றிய, கிறிஸ்தவர்கள் இயேசுவைக் குறிப்பதாக வாசிக்கும் எசாயா 53இல் வேண்டாம். அதைக் கிறிஸ்தவர் திறந்ததும் ‘என்னை மாற்றப் பார்க்கிறார்’ என்று யூத வாசகர் மனம் மூடிக்கொள்வார். பல நூற்றாண்டு கட்டாய விவாதங்களின் தழும்பு அது. யோனாவில் தொடங்குங்கள்: யூதர்கள் பாவக்கழுவாய் நாளின் பிற்பகலில் வாசிப்பது, கிறிஸ்தவர்க்கும் நன்கு தெரிந்தது. அடுத்து ரூத்து, அது அவர்களின் வாரங்களின் திருவிழாவில் வாசிக்கப்படுகிறது. பிறகு லேவியர் 19. ஒரு அமர்வுக்கு 15 முதல் 20 வசனம் போதும். யூதப் பயில்முறைப்படி இருவர் இருவராக உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் கேள்வி எழுப்பட்டும். ஒரு யூதரும் ஒரு கிறிஸ்தவரும் ஜோடி. முதல் அரைமணி கேள்வி மட்டும், பதில் கூடாது. கிறிஸ்தவர்கள் முடிவுரைக்கு அவசரப்படுவார்கள், யூதர்கள் கேள்வியை இன்னொரு கேள்வியால் நீட்டுவார்கள். இந்த வேகவேறுபாடு முன்பே தெரியாவிட்டால் இருதரப்பும் சலித்துப்போகும்.

கேள்வி: பெரிய வியாழனன்று எங்கள் பங்கில் பாஸ்கா விருந்து நடத்தலாமா? இயேசு உண்ட அதே உணவு அல்லவா?

‘அதே உணவு’ என்பதில்தான் தவறு. பாஸ்கா என்பது எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் திருவிழா. இன்று அதற்காக யூத வீடுகளில் நடக்கும் செதெர் விருந்தில் நான்கு கிண்ணம் திராட்சை இரசம்; மூன்று புளிப்பற்ற அப்பங்களில் நடுவிலுள்ளதை உடைத்து ஒரு பாதியை ஒளித்துவைத்தல்; கசப்புக் கீரை, பழக்கலவை, உப்பு நீரில் தோய்த்த கீரை, வறுத்த எலும்பு, முட்டை வைத்த தட்டு; இளையவர் கேட்கும் கேள்விகள். இந்த வடிவம் கி.பி. 70இல் எருசலேம் கோவில் இடிந்தபின், ஆட்டுக்குட்டியைப் பலியிட முடியாமல் போனபின் உருவானது. அதன் முதல் விரிவான வருணனை கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஒளித்துவைத்த அப்பத்துண்டைப் பிள்ளைகள் தேடும் காட்சியை இறுதி இரவுணவுக்குள் கொண்டுபோக ஆதாரமில்லை. அது பாஸ்கா விருந்துதானா என்பதிலேயே நற்செய்திகள் ஒத்துப்போகவில்லை. முதல் மூன்றும் ஆம் என்கின்றன, யோவான் அதற்கு முந்தைய மாலையில் வைக்கிறார்.

நாமே நடத்தினால் எங்கே கெடுகிறது? மூன்று அப்பம் மூவொரு கடவுள், அப்பத்தின் துளைகள் இயேசுவின் காயங்கள் என்று யாராவது விளக்கத் தொடங்குவார். அடுத்தவர் வீட்டுத் திருவிழாவை எடுத்து நம் அர்த்தத்தை ஒட்டுவது அது. மற்றொரு காரணம் கசப்பானது. ஐரோப்பாவில் பாஸ்கா காலமும் புனித வாரமும் யூதர்களுக்கு அச்சத்தின் நாள்களாக இருந்தன. 1475இல் திரெந்து நகரில் சிமோன் என்ற சிறுவன் இறந்ததற்கு, பாஸ்காவுக்காக இரத்தம் எடுத்தார்கள் என்று யூதர்கள்மேல் பழி போட்டுச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தச் சிறுவனுக்குச் செய்துவந்த வணக்கத்தைத் திருச்சபை 1965இல்தான் நிறுத்தியது. அந்த மேசையை விளையாட்டாக எடுத்தாளும்போது எதிரில் இருப்பவர் நினைவில் இதுவும் இருக்கும்.

அமெரிக்க ஆயர்கள் குழு 1988இல் தந்த அறிவுரை நியாயமானது: செதெர் நடத்துவதானால் அதன் மரபை மதித்து முழுமையாக நடத்துங்கள், இறுதி இரவுணவு பற்றிய புதிய ஏற்பாட்டு வாசகங்களோடு முடித்து அதற்கு ‘ஞானஸ்நானம்’ கொடுக்காதீர்கள். யூதக் குடும்பம் அழைத்தால் விருந்தாளியாகப் போவது அதைவிட மேல். போகும்போது புளித்த மாவில் செய்த எதையும் கையில் கொண்டுபோகாதீர்கள். அவர்களின் அப்பமே, மாவில் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் வெந்தாக வேண்டிய ஒன்று.

பங்கில் செய்ய எளிய வழி உண்டு. விடுதலைப் பயணம் 12ஐ வாசித்து, திருப்பாடல்கள் 113 முதல் 118 வரை பாடுங்கள். செதெரில் பாடப்படுபவை இவையே; மாற்கு 14:26இல் சீடர்கள் பாடிவிட்டுப் புறப்பட்டது இவற்றை என்று விளக்குவோர் பலர்.

கேள்வி: சில ஆண்டுகளில் பாஸ்காவுக்கு ஒரு மாதம் முன்பே ஈஸ்டர் வந்துவிடுகிறதே?

இரண்டும் நிலவைப் பார்ப்பவை, இரண்டும் 19 ஆண்டுச் சுழற்சியில் ஓடுபவை. யூத நாள்காட்டி 19 ஆண்டில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறது. அந்தக் கூட்டல் விழும் ஏழு ஆண்டுகளில் மூன்றில் பாஸ்கா அடுத்த முழுநிலவுக்குத் தள்ளிப்போய்விடும். 2016, 2024 அப்படிப்பட்டவை. 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, பாஸ்கா ஏப்ரல் 22 மாலை. அடுத்து 2027: ஈஸ்டர் மார்ச் 28, பாஸ்கா ஏப்ரல் 21 மாலை. கூட்டு நிகழ்ச்சி திட்டமிடுபவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: திருச்சபையே ‘புதிய இஸ்ரயேல்’ என்றால் பழைய இஸ்ரயேலுக்கு என்ன வேலை?

ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தின் தெற்கு வாசலில் 1230 வாக்கில் வடித்த இரு பெண் சிலைகள் உண்டு. ஒருத்தி திருச்சபை: தலையில் கிரீடம், ஒரு கையில் சிலுவைக் கோல், மறுகையில் கிண்ணம். மற்றவள் யூதத் தொழுகைக்கூடம்: கண் கட்டப்பட்டிருக்கிறது, ஈட்டி பல துண்டாக முறிந்திருக்கிறது, கட்டளைப் பலகை கையிலிருந்து நழுவுகிறது. உங்கள் கேள்வி அந்தச் சிலையின் கேள்வி.

பவுல் வேறு மாதிரி எழுதினார். உரோமையர் 11இல் பிற இனத்தார் ஒட்டுப்போட்ட காட்டொலிவக் கிளைகள். வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது, பெருமை பேசாதே என்கிறார். கடவுள் கொடுத்த கொடைகளையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை என்பது அதே அதிகாரத்தின் 29ஆம் வசனம். 1980இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இரண்டாம் யோவான் பவுல், யூதர்களோடு கடவுள் செய்த உடன்படிக்கை ஒருபோதும் இரத்துச் செய்யப்படவில்லை என்றார். அப்படியானால் எல்லா மனிதருக்கும் கிறிஸ்துவே மீட்பர் என்ற நம்பிக்கையோடு இது எப்படிப் பொருந்தும்? வத்திக்கானின் 2015ஆம் ஆண்டு ஆவணம் இதை விடுவிக்க முடியாத மறைபொருள் என்று ஒப்புக்கொள்கிறது. பூசி மெழுகுவதைவிட அது மேல்.

2015இல் பிலடெல்பியாவின் புனித யோசேப்பு பல்கலைக்கழகம் அதே இரு பெண்களைப் புதிதாக வடித்து வைத்தது. இருவருக்கும் கிரீடம், பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி கையில் தோராச் சுருள், மற்றவள் கையில் புத்தகம். ஒருத்தி மற்றவள் நூலை எட்டிப் பார்க்கிறாள். திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஆசீர்வதித்தார்.

கேள்வி: யூதர்கள் பக்கமிருந்து பதில் ஏதும் வந்ததா?

வந்தது, ஒரே குரலில் அல்ல. 1964இலேயே ரபி யோசேப் சொலொவெய்ச்சிக், சமூகப் பிரச்சினைகளில் சேர்ந்து உழைக்கலாம், ஆனால் நம்பிக்கையின் உள்ளடக்கத்தைப் பேரம் பேசும் பொருளாக்கக் கூடாது என்று எழுதினார். வைதிக யூதர்கள் பலர் இன்றும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. 2000 செப்டம்பரில் 150க்கு மேற்பட்ட ரபிகளும் அறிஞர்களும் ‘தப்ரு எமெத்’ அறிக்கையில் கையெழுத்திட்டு, யூதரும் கிறிஸ்தவரும் ஒரே கடவுளை வழிபடுகிறார்கள் என்றார்கள். நாசிசம் கிறிஸ்தவத்தின் விளைபொருள் அல்ல என்றும் அது சொன்னது. கிறிஸ்தவத்தை ரொம்பச் சுலபமாக விட்டுவிட்டார்கள் என்று யூத அறிஞர்களிடமிருந்தே கண்டனம் கிளம்பியது. 2017இல் ஐரோப்பிய ரபிகள் மாநாடு, அமெரிக்க ரபிகள் மன்றம், இஸ்ரேலின் தலைமை ரபிகள் அவை மூன்றும் சேர்ந்து ‘எருசலேமுக்கும் உரோமைக்கும் இடையே’ என்ற ஆவணத்தைத் திருத்தந்தையிடம் கொடுத்தன. வேறுபாடு ஆழமானது, ஆனாலும் தோழமை சாத்தியம் என்பது அதன் சாரம்.

கேள்வி: யூதர்களுக்கு நற்செய்தி அறிவிக்கக் கூடாதா?

இதில் சபைகளுக்குள்ளேயே பிளவு. யூதர்களைக் குறிவைத்து அமைப்பு ரீதியான மறைப்பணியைக் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று 2015 ஆவணம் சொல்கிறது. தன் நம்பிக்கைக்குப் பணிவோடு சாட்சி சொல்வதை அது தடுக்கவில்லை. சுவிசேஷச் சபைகள் பல இதை ஏற்பதில்லை. எது உங்கள் நிலைப்பாடு என்றாலும், உரையாடல் கூட்டம் என்று அழைத்துவிட்டு அங்கே மதமாற்றத் துண்டறிக்கை விநியோகிக்காதீர்கள். இயேசுவை மெசியாவாக ஏற்ற யூதக் குழுவினரை ‘யூதப் பிரதிநிதி’ என்று மேடையேற்றினால் மற்ற யூதர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

கேள்வி: யூத நண்பர்களை முதல்முறை கூட்டத்துக்கு அழைக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நாள்: வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் வேண்டாம். ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறையும் முன் தொடங்கிச் சனி இரவு வானில் விண்மீன் தெரியும்வரை. கடைப்பிடிப்பவர்கள் வண்டி ஓட்ட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், போனைத் தொட மாட்டார்கள்.

இடம்: கோவிலுக்குள் வேண்டாம். வைதிக யூதர் பலர் வழிபாட்டு மண்டபத்துக்குள் நுழைவதில்லை. பொது அறை போதும்.

சாப்பாடு: உங்கள் சமையலறையில் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், கோஷர் என்ற யூத உணவு விதியைக் கடைப்பிடிப்பவர் தொட மாட்டார்; பாத்திரமே அதற்கு விலக்கு. வெட்டாத முழுப் பழங்கள், கோஷர் முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலங்கள், ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, டம்ளர். திராட்சைச் சாறுக்கும் முத்திரை வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எதிர்பாலரோடு கைகுலுக்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் கை நீட்டினால் நீட்டுங்கள்.

ஜெபம்: விவிலியத்தின் எண்ணிக்கை நூல் 6:24–26இல் வரும் ஆசி இருவருக்கும் பொது. மூவொரு கடவுளின் பெயரால் முடிக்கும் ஜெபத்தைச் சேர்ந்து சொல்லச் சொல்லாதீர்கள். ஒருவர் ஜெபிக்க மற்றவர் அமைதியாக நிற்பதே நாகரிகம்.

கடவுளின் பெயர்: ‘யாவே’, ‘யெகோவா’ இரண்டையும் வாயால் சொல்ல வேண்டாம், ‘ஆண்டவர்’ என்பதே போதும். கத்தோலிக்க வழிபாட்டிலும் 2008இல் வத்திக்கான் அந்தப் பெயரை உச்சரிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அந்தப் பெயரின் நான்கு எபிரேய எழுத்துகளை அழகுக்காக அழைப்பிதழில் அச்சடிப்பதையும் தவிருங்கள். கடவுளின் பெயர் உள்ள தாளை அவர்கள் குப்பையில் போட முடியாது. சேர்த்துவைத்துப் புதைப்பது வழக்கம். ஏற்கெனவே அச்சடித்துவிட்டீர்கள் என்றால், கூட்டம் முடிந்ததும் மிச்சத் தாள்களை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.